செயற்கை இரைகளின் நிறத் தேர்வு

செயற்கை இரைகளின் நிறத் தேர்வு என்பது, தூண்டில் மீன்பிடிப்பில் உண்மையான மீன், இறால், கணவாய் ஆகியவற்றுக்கு மாற்றாகப் பயன்படும் போலி இரைகளின் நிறத்தை நீரின் தெளிவு, ஆழம், ஒளியின் அளவு, பிடிக்கப்படும் மீனின் கண்ணமைப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு தெரிவு செய்வதைக் குறிக்கும். இவ்விரைகள் உலோகத் தகடு, மரம், நெகிழி, இறகு, துணி, நைலான் இழை எனப் பலவகைப் பொருட்களால் செய்யப்படுகின்றன. வட அமெரிக்காவின் ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்போரிடையே இத்தேர்வு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. ஆயினும் இதன் அடிப்படை நீருக்குள் ஒளி செல்லும் முறையே ஆதலால், எந்த நீர்நிலைக்கும் இது பொருந்தும். இக்கட்டுரை மன்னார் வளைகுடாவில் அமைந்த தூத்துக்குடிக் கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

கடையில் ஓர் இரையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரிவது, அது காற்றில், வெள்ளொளியில் காட்டும் நிறம் ஆகும். நீருக்குள் இறங்கியபின் அந்நிறம் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறும் என்பதை இரையின் மேற்பூச்சைக் காட்டிலும் அன்றைய தண்ணீரே முடிவு செய்கிறது. தூத்துக்குடிக் கடலில் ஒரே இடத்தில் ஏப்ரலில் பளிச்செனத் தெரியும் இரை, நவம்பரில் ஒரு மீட்டருக்கு அப்பால் தெரியாமற் போகலாம்.

பெயர்கள்

பாஸ் என்னும் ஆங்கிலப் பெயர் ஒரே இனத்தைக் குறிப்பதன்று. வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெருவாய் பாஸ், ஐரோப்பியக் கடல் பாஸ், ஆசியக் கடல் பாஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இவற்றுள் ஆசியக் கடல் பாஸ் என்பதே தமிழகக் கரையின் கொடுவா ஆகும். ஆஸ்திரேலியாவில் இது பாரமுண்டி எனப்படுகிறது. ஆற்று முகத்துவாரங்களிலும் காயல்களிலும் அலையாத்திக் காடுகளின் ஓரங்களிலும் இது பதுங்கியிருந்து இரையைத் தாக்கும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் போன்ற கழிமுகங்கள் இதற்கு ஏற்ற வாழிடங்களாகும். முதலில் ஆணாக முதிர்ச்சியடைந்து, பின்னர் பெண்ணாக மாறும் இயல்பு இம்மீனுக்கு உண்டு. சென்னையில் உள்ள நடுவண் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் இதனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது.

தூத்துக்குடிக் கரையில் தூண்டிலுக்கு வரும் பிற வேட்டை மீன்களுள் சீலா, பாறை, ஊழி, சூரை, கட்டா, களவா, விளமீன் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இங்கு சீலா என்பது சென்னையில் வஞ்சிரம் என்றும், வேறு சில இடங்களில் நெய்மீன் என்றும் வழங்கும் மீனாகும். வேறு சில கரைகளில் சீலா என்றால் ஊழியைக் குறிக்கும் என்பதால், பிற ஊர்க் குறிப்புகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

நீருக்குள் ஒளி

ஞாயிற்றின் வெள்ளொளி பல அலைநீளங்களின் கலவை. நீர் அவற்றை ஒரே அளவில் உட்கவர்வதில்லை. சிவப்பை மிக விரைவாகவும், அதையடுத்து ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவற்றையும், நீலத்தை மிகக் குறைவாகவும் அது உட்கவர்கிறது. எந்தக் கலப்பும் இல்லாத தூய நீரிலேயே, 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியில் 5 மீட்டர் ஆழத்தை எட்டுவது ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே. 10 மீட்டரில் அது 3 விழுக்காடாகக் குறைந்துவிடும். அதே 10 மீட்டரில் 550 நானோமீட்டர் பச்சையொளியில் பாதிக்கு மேலும், 450 நானோமீட்டர் நீலவொளியில் 90 விழுக்காடு அளவும் எஞ்சியிருக்கும்.

சிவப்பு நிறப் பொருள் என்பது சிவப்பொளியைத் திருப்பியனுப்பிப் பிற நிறங்களை விழுங்கும் பொருள். அதன்மீது விழும் ஒளியில் சிவப்பே இல்லையெனில் திருப்பியனுப்ப அதனிடம் எதுவும் இல்லை. அது கருமையாகவே தோன்றும். எனவே ஆழத்தில் சிவப்பு இரை என்பது உண்மையில் ஒரு கறுப்பு இரையாகும். இதனால் அது பயனற்றது என்று கொள்ளக்கூடாது. நீலப் பின்னணியில் கருமை நன்கு எடுத்துக்காட்டும். மீனுக்குச் சிவப்பு குருதியை நினைவூட்டுகிறது என்று பரவலாகக் கூறப்படும் விளக்கம் மட்டும் அந்த ஆழத்தில் பொருந்தாது.

பலரும் மறந்துவிடும் மற்றொன்று உண்டு. ஒளி மேலிருந்து கீழே இறங்கும் தொலைவோடு, இரையில் பட்டுத் திரும்பி மீனின் கண்ணை அடையும் தொலைவும் கணக்கில் சேரும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே ஓடும் சிவப்பு இரையைப் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மீன் பார்க்கும்போது, ஒளி கடக்கும் நீர்வழி பதினொரு மீட்டர் ஆகிறது. ஆகவே ஆழமற்ற நீரிலும் தொலைவிலிருந்து நிறம் தெரிவதில்லை. உருவமும் ஒளிமாறுபாடும் முதலில் தெரிகின்றன. மீன் நெருங்கிய பின்னரே நிறம் தெரியத் தொடங்கும்.

மேற்கூறிய அளவுகள் தூய நீருக்குரியவை. கரையோரக் கடல்நீரில் வண்டலும், தாவர மிதவை உயிரிகளும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் மஞ்சள் நிறக் கரிமப் பொருட்களும் கலந்துள்ளன. இக்கரிமப் பொருட்கள் நீலவொளியை விழுங்குகின்றன. மிதவை உயிரிகளில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது. எஞ்சுவது பச்சையும் இளமஞ்சளும் ஆகும். ஆழ்கடல் நீலமாகவும் கரைக்கடல் பச்சையாகவும் கழிமுகம் பழுப்பாகவும் தோன்றுவது இதனாலேயே. தெளிந்த கடலில் ஆழம் வரை செல்லும் நீலம், கலங்கிய கழிமுகத்தில் வெகு விரைவில் மறைந்துவிடும். "நீலம் ஆழத்திற்கு நல்லது" என்று வெளிநாட்டு நூல்களில் காணப்படும் பொதுவிதியைக் காயல் நீருக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறாகும்.

முத்துக்குளித்துறையின் தண்ணீர்

இக்கரையில் நீரின் தெளிவை அறிவது பழைய தேவை. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகள் பார் என அழைக்கப்படுகின்றன. தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் வரையான ஆழத்தில் இவை அமைந்துள்ளன. மூச்சை அடக்கிக் கல்லின் துணையுடன் இறங்கிய முத்துக்குளிப்போர், ஒரு நிமிட அளவான நேரத்துக்குள் சிப்பியைக் கண்ணால் கண்டு பொறுக்க வேண்டியிருந்தது. எனவே முத்துக்குளிப்பு இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில், பொதுவாக மார்ச் முதல் மே வரை, நடத்தப்பட்டது. அலை அடங்கியிருப்பதும் நீர் தெளிந்திருப்பதும் அப்போதுதான். 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புத் தொடராகும்.

முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும், அதன் காலக்கணக்கு தூண்டிலுக்கு இன்றும் பொருந்துகிறது. ஆண்டை நீரின் தன்மைகொண்டு பின்வருமாறு பார்க்கலாம்.

மார்ச் முதல் மே வரை நீர் தெளிவாக இருக்கும். இக்காலத்தின் பிற்பகுதி மீன்பிடித் தடைக்காலத்துடன் இணைகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது (2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது). நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லை. ஆகவே தெளிந்த நீரில், விசைப்படகுகளின் போட்டியின்றி, வள்ளங்களிலிருந்து தூண்டில் போடுவோருக்கு இது முக்கியமான காலமாகும். தெளிவு இரு பக்கமும் கூர்மையான கத்தி போன்றது. இரை தொலைவிலிருந்தே மீனுக்குத் தெரியும். அது போலி என்பதும், அதைக் கட்டியுள்ள தங்கூசி நரம்பும் கம்பியும் சேர்ந்தே தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடலோர வழக்கில் கச்சான், வலுவாக வீசுகிறது. தூத்துக்குடியில் இப்பருவத்தில் மழை மிகக் குறைவு என்பதால் ஆற்று வண்டல் வருவதில்லை. காற்றும் தெற்கிலிருந்து வரும் அலைகளும் ஆழமற்ற அடித்தரையைக் கிளறுவதாலேயே நீர் கலங்குகிறது. இந்தக் கலங்கல் வெண்மை கலந்த பச்சையாக இருக்கும். கரையோரம் கலங்கியிருக்கும் அதே நாளில் பார்களுக்கு அப்பால் நீர் நீலமாக இருப்பதும் உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாமிரபரணியும் சிற்றாறுகளும் செம்மண்ணையும் தழைக்கூளத்தையும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாகி, தாமிரபரணியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இத்தகைய வெள்ளத்தின்போது கழிமுகத்தில் எந்த நிறமும் பயன்படாது. ஆயினும் ஆற்றுநீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லைக்கோடு கண்ணுக்கே தெரியும். அக்கோட்டின் தெளிந்த பக்கத்தில் வேட்டை மீன்கள் காத்திருப்பது வழக்கம்.

இவை தவிர, சில ஆண்டுகளில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரி பெருகி, கடல் அடர்பச்சை நிறம் கொள்வதுண்டு. மன்னார் வளைகுடாவில் 2008இலும் 2019இலும் இது பரவலாகக் காணப்பட்டது. மீனவர் இதனைப் பூங்கோரை என்பர். இதனால் நீரில் ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறப்பதும் உண்டு என்பதால், அவ்வேளையில் இரையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மீனின் கண்

மனிதக் கண்ணைப் போலவே மீனின் கண்ணிலும் நிறத்தை உணரும் கூம்புச் செல்களும், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சிச் செல்களும் உள்ளன. கூம்புகளின் வகை இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. மனிதனுக்கு மூன்று வகைக் கூம்புகள் உண்டு. பெருவாய் பாஸுக்கு இரண்டு வகைகளே உள்ளன. ஒன்று சிவப்பையும் மற்றொன்று பச்சையையும் சார்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், உணவு தந்து பழக்கப்பட்ட பாஸ் மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறிந்தன. ஆனால் இளமஞ்சட்பச்சையை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் அவை குழப்பிக்கொண்டன. இளமஞ்சட்பச்சை, வெள்ளை இரண்டையும் தனித்தனியே வாங்கிப் பெட்டியில் அடுக்கியிருப்போர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இம்முடிவை அப்படியே கடல் மீன்களுக்கு ஏற்றக்கூடாது. மஞ்சள்துடுப்புச் சூரையின் கண் நீலம், நீலப்பச்சை ஆகிய பகுதிகளுக்கே ஏற்றதாக அமைந்துள்ளது. சிவப்புக்குரிய கூம்பு அதற்கு இல்லை. அது வாழும் நீலநீரில் சிவப்பொளி இல்லாததால் அதற்கு அத்தேவை எழவில்லை எனலாம். கொடுவாவின் கண்ணில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உள்ளது. இரவில் விளக்கொளி பட்டால் அதன் கண் செம்பொன் நிறத்தில் மின்னுவது இதனால்தான். உள்ளே நுழைந்த ஒளியை இருமுறை பயன்படுத்தும் இவ்வமைப்பு, அந்தி, இரவு, கலங்கிய நீர் ஆகியவற்றில் வேட்டையாட உதவுகிறது.

கணவாயின் கண் முற்றிலும் வேறானது. பெரும்பாலான கணவாய் இனங்களுக்கு ஒரே ஒரு காட்சி நிறமியே உண்டு. எனவே அவற்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. ஜப்பானிய மின்மினிக் கணவாய் இதற்கு அறியப்பட்ட விதிவிலக்கு. ஆனால் மனிதன் காணாத முனைவுற்ற ஒளியைக் கணவாய்கள் உணர்கின்றன. இறால் வடிவில் செய்யப்படும் கணவாய்த் தூண்டில்கள் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத் துணி போர்த்தி விற்கப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். அத்துணி கணவாய்க்கு ஆரஞ்சாகத் தெரிவதில்லை. சாதாரணச் சாயமாயின் நீலவொளியில் கருஞ்சாம்பலாகவும், உடனொளிர்வுச் சாயமாயின் வெளிர்சாம்பலாகவும் தெரியும். ஆரஞ்சுத் தூண்டிலில் கணவாய் நன்றாக விழுகிறது என்று மீனவர் கூறுவது பட்டறிவு. அதைப் பொய் எனத் தள்ள இடமில்லை. அதற்கான காரணம் நிறத்தில் இல்லாமல் கருமை வெண்மை அளவில் இருக்கலாம்.

அந்தியில் மீனின் கண் மாறுதல் அடைகிறது. பகலில் முன்னிற்கும் கூம்புச் செல்கள் பின்வாங்கி, குச்சிச் செல்கள் முன்னே வருகின்றன. இது உடனடியாக நிகழ்வதன்று. அரை மணி நேரம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம். இம்மாற்றம் முடிந்தபின் மீன் நிறங்களைக் காண்பதில்லை. ஒளியும் நிழலுமே காண்கிறது. வேட்டை மீன்கள் அந்தியிலும் வைகறையிலும் மிகுதியாகத் தூண்டில் கடிப்பதற்கு, இரை மீன்களின் கண் இந்த இடைமாற்றத்தில் தடுமாறுவதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கீழிருந்து பார்க்கும் பார்வை

வேட்டை மீன்கள் பெரும்பாலும் இரைக்குக் கீழிருந்தே பார்க்கின்றன. அமைதியான நீரின் அடியிலிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடி போல நீரையே எதிரொளிக்கும். இச்சாளரத்தில் வரும் எந்தப் பொருளும் வானத்தின் பின்னணியில் கருநிழலாகவே தோன்றும். சாளை, நெத்திலி போன்ற மீன்களின் வயிறு வெள்ளியாக இருப்பது இந்த நிழலுருவை ஓரளவு குறைப்பதற்கே. வண்ணம் தீட்டிய மர இரையின் முதுகில் உள்ள அழகிய வரிகள் மேலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். கீழிருந்து வரும் சீலாவுக்குத் தெரிவது அதன் வயிறும் ஓரவடிவமும் ஆகும். ஒளி ஊடுருவும் நெகிழி இரைகள் தெளிந்த நீரில் இயல்பாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அவை முழுக் கருநிழலாக ஆவதில்லை.

நிலைமைக்கேற்ற தேர்வு

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைத் தேர்வுகள் பெறப்படுகின்றன. இவை வழிகாட்டிகள் மட்டுமே.

தெளிந்த நீர், உச்சி வெயில்: வெள்ளி, வெள்ளை, நீலமுதுகு, ஒளி ஊடுருவும் வெளிர் நிறங்கள் ஆகியவை ஏற்றவை. சாளை, சூடை, முரல் போன்ற இயற்கை இரைமீன்களை ஒத்திருப்பது இங்கு பயன்தரும். பளபளக்கும் உலோகத் தகட்டிரை திரும்பும்போது தெறிக்கும் ஒளி, பல மீட்டர் தொலைவுக்குத் தெரியும். அது சுற்றுப்புறத்தின் நிறத்தையே திருப்பிக்காட்டுவதால் எந்த நீரிலும் முற்றிலும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. மினிக்காய்த் தீவில் சூரை பிடிக்கும் கழித்தூண்டில் முறையில், உயிருள்ள சிறுமீன்களை எறிந்து கூட்டத்தை ஈர்த்தபின், பளபளப்பான, எதிர்முள் இல்லாத வெறுந்தூண்டிலையே மீன்கள் கவ்வுகின்றன. அங்கு வண்ணப்பூச்சுக்கு வேலை இல்லை.

மேகமூட்டம்: பளபளப்பு வேலை செய்ய நேரடி வெயில் வேண்டும். வெயில் இல்லாதபோது உலோகத் தகடு சாம்பல் நிறமாகிவிடும். அப்போது மங்கலான வெள்ளை, மஞ்சள் ஆகியவை மேலானவை.

பச்சை நிறக் கலங்கல்: கச்சான் காலக் கரையோர நீரில் இளமஞ்சட்பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகியவை நெடுந்தொலைவு தெரிகின்றன. பச்சைப் பின்னணியில் பச்சை இரை மறைந்துபோகாதா என்ற ஐயம் எழலாம். மிகுந்த வெளிர்மையால் அது பின்னணியினின்று பிரிந்து நிற்கும். முதுகில் கருமையும் வயிற்றில் வெளிர்மையும் கொண்டு இரண்டும் கூர்மையாகச் சந்திக்கும் இரைகள் இங்கு சிறப்பாகப் பயன்படுகின்றன. தலை சிவப்பும் உடல் வெள்ளையுமான இரை உலகெங்கும் விரும்பப்படுவதும் இதனாலேயே. ஆழத்தில் அது கறுப்பு வெள்ளை இரையாகிவிடுகிறது.

பழுப்பு நிறக் கழிமுக நீர்: கொடுவாவின் நீர் இதுவே. நீலம் இங்கு பயனற்றது. பொன்னிறம், செம்பு, ஆரஞ்சு ஆகியவை எஞ்சியிருக்கும் மஞ்சட்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புவதால், சில அடி ஆழத்தில் ஒளிர்ந்து தெரியும். கடலில் சிவப்பு முதலில் மறைகிறது, இங்கோ நீலம் முதலில் மறைகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கலங்கல் மிகும்போது முழுக்கறுப்பும் பருத்த உருவமும் அதிர்வு உண்டாக்கும் அமைப்பும் உதவும்.

இரவு: நிலவில்லா இரவில் மேற்பரப்பருகே கறுப்பு இரையே வான ஒளியின்மீது தெளிவாகத் தெரிகிறது. இது முதலில் வியப்பளிக்கும். இரவில் வெள்ளை தெரியும் என்பது மேலிருந்து பார்க்கும் மனிதரின் எண்ணம். பாலம், படகுத்துறை ஆகியவற்றின் விளக்கொளி நீரில் விழும் இடங்களில், வேட்டை மீன் நிழற்பகுதியில் நின்று ஒளிப்பகுதியை நோக்கும். அங்கும் ஓரவடிவமே முதன்மை.

ஆழம்: பார்களின் மேல் களவா, விளமீன் போன்றவற்றுக்கு அடியில் இறக்கும் ஈய இரைகளில் வெள்ளை, வெள்ளி, நீலம், உடனொளிர்வு நிறங்கள் ஆகியவை பொருந்தும். உடனொளிர்வுச் சாயம் நீலவொளியையும் புறவூதா ஒளியையும் உட்கொண்டு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு ஆகிய நீண்ட அலைநீளத்தில் வெளியிடுகிறது. ஆகவே ஆரஞ்சு ஒளி எட்டாத ஆழத்திலும் உடனொளிர்வு ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். விளக்கொளி காட்டியபின் இருளில் மின்னும் நின்றொளிர்வுப் பூச்சு இதனின்று வேறானது. அது ஒளியே இல்லாத இடத்திலும் சிறிது நேரம் ஒளிரும். விற்பனையில் இவ்விரண்டும் ஒரே பெயரால் வழங்கப்படுவது குழப்பம் தருகிறது.

எளிய சோதனைகள்

நீரின் தெளிவை அளக்க, இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் பயன்படுத்திய முறை இன்றும் போதுமானது. வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். கடலில் 30 செ.மீ. விட்டமுள்ள தட்டு பயன்படுத்தப்படுகிறது. ஒரு பழைய எனாமல் தட்டும் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சும் இருந்தால் பள்ளி மாணவரும் இதைச் செய்யலாம். ஓர் ஆண்டு முழுதும் மாதம் இருமுறை ஒரே இடத்தில் அளந்து எழுதிவைத்தால், அவ்விடத்துக்கு மிகப் பயனுள்ள அட்டவணை கிடைக்கும்.

நிறமாற்றத்தைக் காண, நீலக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கண்முன் பிடித்து இரைகளை வெயிலில் பார்க்கலாம். சிவப்பு கருமையாவதும், வெள்ளை நீலமாவதும், உடனொளிர்வு நிறங்கள் பிற நிறங்களைவிட வெளிர்மையாக நிற்பதும் தெரியும். காயல் நீருக்கு நீலத்தாளுக்கு மாற்றாகப் பழுப்பு மஞ்சள் தாளைப் பயன்படுத்த வேண்டும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், வெவ்வேறு நிறமுள்ள இரைகளுள் எவை ஒரே சாம்பல் அளவு கொண்டவை என்பது புலப்படும். பத்து இரைகள் கொண்ட பெட்டியில் உண்மையில் மூன்று வகைகளே இருப்பதாக இச்சோதனை காட்டக்கூடும். இரைக்குச் செலவிடும் பணத்தில் இது ஒரு பெரும் சேமிப்பு.

நிறத்தின் எல்லை

நிறத்துக்கு அளவுக்கு மீறிய முதன்மை தரப்படுவதாகவே கொள்ள வேண்டும். மீன் இருக்கும் ஆழத்தில் இரை ஓடவில்லையெனில் நிறத்தால் பயனில்லை. இரையின் அளவு, ஓடும் வேகம், அசைவு ஆகியவை அதற்கு முன் வருகின்றன. மீன்கள் உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்கின்றன. கலங்கிய நீரில் கண்ணைக் காட்டிலும் இதுவே வழிகாட்டும். மேலும், ஒரு நாள் ஒரு நிறத்தில் நிறைய மீன் விழுந்தது என்பது நிறத்துக்குச் சான்றாகாது. ஒரே வள்ளத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவுள்ள இரு நிற இரைகளை இரு பக்கமும் இழுத்து, இடையிடையே பக்கம் மாற்றி எண்ணினால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

சீலா, ஊழி போன்ற கூரிய பல்லுள்ள மீன்களுக்கு இரையின் முன் சிறு கம்பி கட்டுவது இன்றியமையாதது. தெளிந்த நீரில் மீன் தயங்குவது பலவேளை இரையின் நிறத்தால் நிகழ்வதன்று. வெயிலில் மின்னும் இக்கம்பியாலும் கண்ணிகளாலும் நிகழ்கிறது. மெருகு மங்கிய மெல்லிய கம்பி, நிறத்தை மாற்றுவதைவிட மிகுந்த வேறுபாட்டை உண்டாக்கும்.

கட்டுப்பாடுகள்

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பகுதியையும் கொண்டது இது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி ஆகியவை இதனுள் அடங்கும். பூங்காப் பகுதியில் மீன்பிடித்தல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டுள்ளது.

செயற்கை ஒளியால் மீன்களை ஈர்த்துப் பிடிப்பது, இந்தியாவின் தனிப்பொருளாதார மண்டலத்தில் 2017 நவம்பர் முதல் நடுவண் அரசால் தடை செய்யப்பட்டுள்ளது. இரையின்மேல் பூசப்படும் ஒளிர்பூச்சு வேறு, படகிலிருந்து நீரில் பாய்ச்சும் விளக்கு வேறு. பார்களின் பாறைகளில் சிக்கி அறுந்துபோகும் நெகிழி இரைகளும் தங்கூசி நரம்பும் கடலில் மட்குவதில்லை. அடித்தரையை ஒட்டித் தூண்டில் இழுக்கும் இடங்களில், இழந்தாலும் துருப்பிடித்து அழியும் இரும்பு, துணி, மரம் ஆகியவற்றாலான இரைகள் விரும்பத்தக்கவை.